ஆனையூரில் ஒரு குட்டி யானை: மதுரைச் சக்கரங்களைப் பற்றிச் சில குறிப்புகள்

எங்கள் தெருமுனையில் ராத்திரி ஒரு குட்டி யானை நிற்கும். ஊர் பேர் ஆனையூர் என்பதால் யாரும் பயந்துவிட வேண்டாம். டாட்டா ஏஸ் வண்டிக்குத் தமிழ்நாடு முழுக்க மக்கள் வைத்திருக்கும் பெயர் அது. அதை ஓட்டும் அண்ணன் விடியற்காலை மூன்று மணிக்கெல்லாம் கிளம்பி, பரவை மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி, கடை கடையாக இறக்கிவிட்டு, பத்து மணி வாக்கில் திரும்பி வருவார்.

போன மாசம் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, நீங்கதான் பழைய புஸ்தகமெல்லாம் தோண்டிக்கிட்டு இருக்கீங்கள்ல, எனக்கு ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. பின்னாடி ரெண்டு டயரும் மொட்டையாயிருச்சுன்னு மாத்துனேன். அதுலருந்து லோடு ஏத்திட்டுத் திரும்பையில பின்பக்கம் நீச்சலடிக்குது. சைஸ் அதேதான். பன்னெண்டு இஞ்ச், நூத்தி நாப்பத்தஞ்சு. பட்டை பாத்தாச்சு, புஷ் பாத்தாச்சு, பேரிங் பாத்தாச்சு. ஒண்ணும் இல்லங்குறாங்க.”

எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் கேள்வி மனசுல ஒட்டிக்கொண்டது. அளவு அதேதான் என்றால் எது மாறியது? அதைத் தேடிப் போனபோது விஷயம் பழசாகிக்கொண்டே போனது. எந்தச் சுமைக்கு எந்தச் சக்கரம், எந்தச் சக்கரத்துக்கு எந்தச் சாலை என்ற கேள்வியை நம்ம ஊர் நூறு வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பதில் மாறியிருக்கிறது. அந்தக் கதையை முதலில் சொல்லிவிட்டு அண்ணனின் டயருக்கு வருகிறேன்.

பட்டை கட்டிய சக்கரம்

கட்டை வண்டியின் சக்கரத்தைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் இன்று குறைவு. நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி வட்டைகள், வட்டைக்கு மேலே இரும்புப் பட்டை. வெளியே கழன்று போகாமல் பிடித்துக்கொள்ளக் கடையாணி. கருவேல மரம்தான் பெரும்பாலும் சக்கரத்துக்கு. வைரம் பாய்ந்த கட்டை, அடி தாங்கும்.

பட்டை கட்டுவது ஒரு நாள் வேலை. மரச் சக்கரத்தின் சுற்றளவை விடக் கொஞ்சம் சின்னதாக இரும்பு வளையம் செய்வார்கள். வரட்டி அடுக்கித் தீமூட்டி வளையத்தைப் பழுக்கக் காய்ச்சினால் அது விரியும். விரிந்ததைச் சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றினால் சுருங்கி, வட்டையையும் ஆரக்காலையும் குடத்தோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆணி அடிக்காமலேயே சக்கரம் முழுக்க ஒரே உடம்பாகிவிடும். வெப்ப விரிவு பற்றி நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததைக் கொல்லரும் தச்சரும் கைப்பழக்கத்தில் வைத்திருந்தார்கள்.

சக்கரம் நெஞ்சுயரத்துக்கு இருந்ததற்கும் காரணம் உண்டு. பெரிய சக்கரம் சின்னக் குழியில் விழாது, மேட்டில் சுலபமாக ஏறும். பட்டை ஒடுக்கமாக இருந்ததால் இழுக்க லேசு. ஆனால் திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் மழை பெய்த மறுநாள் அதே ஒடுக்கமான பட்டை கத்தி மாதிரி மண்ணுக்குள் இறங்கும். சாலைக்கும் அது பகைதான். இங்கிலாந்தில் 1753-லேயே அகலச் சக்கரச் சட்டம் போட்டு, 9 அங்குல அகலச் சக்கரம் போட்ட வண்டிகளுக்குச் சுங்கத்தில் சலுகை கொடுத்தார்கள். சக்கரத்தின் அகலம் வண்டிக்காரரின் சொந்த விஷயம் மட்டும் இல்லை, ஊர் விஷயமும்தான் என்று அரசாங்கம் உணர்ந்த பழைய உதாரணம் அது.

அதற்கெல்லாம் வெகுகாலம் முன்னாலேயே வள்ளுவர் மயிலிறகை ஏற்றிய வண்டியின் அச்சைப் பற்றிப் பேசிவிட்டார். எவ்வளவு லேசான சரக்கானாலும் அளவு தாண்டினால் அச்சு முறியும் என்ற அந்தக் கருத்தை அரசியலுக்கு உவமையாகச் சொன்னார். உவமை சொல்பவர் கேட்பவருக்குத் தெரிந்ததைத்தான் சொல்வார். ஆக, ஓவர்லோடு என்பது ரொம்பப் பழைய தொல்லை.

லாட ஆணியும் காற்றும்

காற்றடைத்த டயரை முதலில் யோசித்தவர் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1845-ல் காப்புரிமை வாங்கினார். அன்றைக்கு அதை வாங்க ஆள் இல்லை, மறந்துபோனார்கள். 1888-ல் பெல்ஃபாஸ்டில் மாட்டு வைத்தியராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்றுசக்கர சைக்கிளுக்காக அதையே மறுபடி கண்டுபிடித்தார். தாம்சனின் பழைய காப்புரிமை தெரியவந்ததும் டன்லப்பின் உரிமை செல்லாமல் போனது. ஆனாலும் பெயர் டன்லப்புக்குத்தான் நின்றது. 1895-ல் மிஷெலின் சகோதரர்கள் பாரிஸ்–போர்டோ–பாரிஸ் பந்தயத்தில் காற்று டயர் மாட்டிய காரை ஓட்டிக் காட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர். ஆனால் போய்ச் சேர்ந்தார்கள்.

நம்ம ஊருக்கு மோட்டார் வந்த கதை டி. வி. சுந்தரம் அய்யங்காரிடம் தொடங்குகிறது. திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்தவர், வக்கீல் தொழிலையும் ரயில்வே, பேங்க் வேலைகளையும் விட்டுவிட்டு 1911-ல் வியாபாரத்தில் இறங்கினார். அதையொட்டி பஸ் விட ஆரம்பித்தார். டிவிஎஸ் பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள்.

அந்த நேரந்தவறாமைக்கு முதல் எதிரி லாடம். மாட்டுக் குளம்பிலிருந்து விழுந்த லாட ஆணிகள் சாலை முழுக்கக் கிடக்கும். கட்டை வண்டியின் இரும்புப் பட்டைக்கு அந்த ஆணி ஒரு பொருட்டே இல்லை, ஏறி மிதித்துவிட்டுப் போகும். காற்று டயருக்கு அது எமன். பஸ் போகிற வழியில் காந்தம் கட்டிய வண்டியை முன்னால் அனுப்பி ஆணிகளைப் பொறுக்க வைத்தார்கள் என்ற கதை டிவிஎஸ் பற்றிப் பேசும் எல்லோரும் சொல்வது. இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது காந்தம் இல்லை. ஒரே சாலையில் இரண்டு காலத்துச் சக்கரங்கள் ஓடும்போது ஒன்றின் கழிவு இன்னொன்றுக்கு ஆபத்தாகிறது என்பதுதான். சக்கரத்தை மட்டும் மாற்றினால் போதாது, சாலையையும் மாற்ற வேண்டும் என்று அவர்கள் அன்றே புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

பஞ்சர் பற்றிப் பேசும்போது ஒரு சொல்லையும் பார்த்துவிடலாம். நாம் ‘ஸ்டெப்னி’ என்கிறோமே, அது வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் இருக்கும் ஒரு தெருவின் பெயர். 1904-ல் அந்த ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் மாற்றுச் சக்கரத்தைச் செய்து உலகம் முழுக்க விற்றார்கள். அந்த ஊர்க்காரர்களே இன்று வேறு சொல்லைத்தான் சொல்கிறார்கள். நம்ம பஞ்சர் கடையில் ஸ்டெப்னி இன்னும் ஸ்டெப்னிதான்.

ரப்பர் இல்லாத காலம்

1942 தொடக்கத்தில் ஜப்பான் மலேயாவையும் சிங்கப்பூரையும், கொஞ்ச நாளில் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளையும் பிடித்தது. உலகத்து இயற்கை ரப்பரில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு அந்தப் பக்கத்தில்தான் விளைந்தது. அமெரிக்காவில் டயர் தேய்மானத்தைக் குறைப்பதற்காகவே நாடு முழுக்க மணிக்கு 35 மைல், அதாவது 56 கிலோமீட்டர் வேக வரம்பு போட்டார்கள். பெட்ரோலைப் பங்கீடு செய்ததற்கும் ரப்பரைக் காப்பது ஒரு முக்கியக் காரணம்.

இங்கே பெட்ரோலும் இல்லை, டயரும் இல்லை. பெட்ரோலுக்குப் பதிலாகக் கரியை எரித்து வாயு எடுத்து எஞ்சினை ஓட்ட டிவிஎஸ் கேஸ் பிளான்ட் வந்தது. டயருக்குப் பதில் ரீட்ரேடிங். சுந்தரம் அய்யங்கார் ரப்பர் ரீட்ரேடிங் ஆலையும் தொடங்கினார். தேய்ந்த டயரின் மேல்தோலைச் சீவிவிட்டுப் புது ரப்பரை ஒட்டி வேகவைத்து எடுப்பது. நம்ம பக்கம் இதற்கு ‘ரீபட்டன்’ என்று பெயர். ட்ரெட் என்பதை நாம் ‘பட்டன்’ என்றுதானே சொல்கிறோம். பட்டன் தேய்ந்தால் மொட்டை டயர்.

போர் முடிந்தும் இந்தப் பழக்கம் போகவில்லை. 1946-ல் சென்னைத் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்து தொடங்கிய எம்ஆர்எஃப், 1952-ல் இறங்கியது ரீட்ரேடுக்கான ரப்பர் செய்யும் தொழிலில்தான். டயரே செய்ய ஆரம்பித்தது அதற்கப்புறம், 1961-ல். இந்தியாவின் பெரிய டயர் கம்பெனி ஒன்று பழைய டயருக்குத் தோல் போட்டுத்தான் வளர்ந்தது என்பது யோசிக்க வைக்கும் விஷயம். புது டயர் வாங்க முடியாத ஊர் அது.

லாரிக்காரர்கள் அப்போதிருந்து ஒரு விதி வைத்திருக்கிறார்கள். முன்னாடி ரீபட்டன் போடாதே. பின்னால் இரட்டைச் சக்கரம், ஒன்று போனாலும் இன்னொன்று தாங்கும். முன்னால் ஒன்று வெடித்தால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். சரியான விதி. ஆனால் லாரிக்குச் சரியான இந்த விதியை வேனுக்கு அப்படியே கொண்டுவரும்போதுதான் சிக்கல் வருகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

டயர் வண்டி

இதே காலத்தில் மாட்டு வண்டியும் சும்மா இருக்கவில்லை. மோட்டார் வண்டியின் அச்சையும் காற்று டயரையும் மாட்டு வண்டிக்குக் கொண்டுவந்தார்கள். கம்பெனி பெயராலேயே பல ஊர்களில் அது டன்லப் வண்டி. நம்ம பக்கம் டயர் வண்டி. கடகட சத்தம் இல்லை, சாலை கெடவில்லை, கரிசலில் அதிகம் புதையவில்லை, மாட்டுக்கு இழுவையும் லேசு.

லேசானதும் என்ன ஆனது? சுமை ஏறியது. கட்டை வண்டியில் ஏற்றியதைப் போல இரண்டு பங்கு ஏற்றினார்கள். சமதரையில் பிரச்சினை இல்லை. இறக்கத்தில் அத்தனை பாரமும் மாட்டின் கழுத்துக்கு வந்தது. 1970-களிலும் 80-களிலும் பெங்களூரு ஐஐஎம் இயக்குநராக இருந்த என். எஸ். ராமசாமி மாட்டு வண்டியை மேம்படுத்த வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். விமானமும் ராக்கெட்டும் பற்றிப் பேசுகிற நாட்டில் நுகத்தடியைப் பற்றிப் பேச ஒருவர் இருந்தார் என்பதே பெரிய விஷயம்.

சக்கரத்தைப் பற்றி இதுவரை படித்ததில் நான் எடுத்துக்கொண்ட முதல் பாடம் இதுதான். நல்ல சக்கரம் போட்டால் வண்டி பத்திரமாகும் என்று நினைக்கிறோம். உண்மையில் நல்ல சக்கரம் கொடுக்கும் வசதியை நாம் உடனே சுமையாகவோ வேகமாகவோ மாற்றிச் செலவழித்துவிடுகிறோம்.

வேன் வந்தது

பஸ்ஸுக்கும் காருக்கும் நடுவில் ஒன்று தேவைப்பட்டது. சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி, இங்கிலாந்தின் அட்லஸ் வேனை அடிப்படையாக வைத்து ஒரு டன் வேன் செய்தது. ஸ்டாண்டர்ட் 20 என்று ஆம்புலன்ஸாகவும் டெலிவரி வேனாகவும் ஓடியது. 1969-ல் பஜாஜ் டெம்போ மடடோர் வந்தது. முன்சக்கரம் இழுக்கும் வண்டி, அதனால் பின்னால் தளம் தாழ்வு. 1972-ல் டிவிஎஸ் பஸ்கள் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்த பிறகு, கல்யாணத்துக்கும் கொடைக்கானலுக்கும் குடும்பத்தோடு போக வேன்தான் தனியார் வழி. 1984 கடைசியில் மாருதி வேன், 1987-ல் டெம்போ டிராவலர், 2005 மே மாதம் டாட்டா ஏஸ். மாருதி வேனுக்கு 1988-ல் ஆம்னி என்று பெயர் மாறி, 2019 வரை ஓடியது.

இதற்கு நடுவில் டயரின் உள்ளுக்குள்ளே ஒரு புரட்சி நடந்தது. பழைய டயரில் நூல் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காகப் போகும். நம்ம கடைகளில் ‘நைலான் டயர்’ என்பது இது. மிஷெலின் 1946-ல் காப்புரிமை வாங்கிய ரேடியல் டயரில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகப் போகும், மேலே இரும்புக் கம்பிப் பட்டை சுற்றியிருக்கும். பக்கச்சுவர் நெகிழும், பட்டன் பகுதி தட்டையாகத் தரையைப் பிடிக்கும். இந்தியாவில் 1977-ல் ஜேகே டயர் இதைக் கொண்டுவந்தது. ஒரு வண்டியில் முன்னால் ரேடியல், பின்னால் நைலான் என்று கலந்து போடுவது மிக ஆபத்து. முன்பக்கம் இறுக்கமாகத் திரும்பும், பின்பக்கம் பின்தங்கி வெளியே வழுக்கும். 

இந்தச் சின்ன வேன்களுக்கெல்லாம் 12 அங்குலச் சக்கரம். காரணம் எளிது. சக்கரம் சின்னதானால் தளம் தாழும், சரக்கு ஏற்ற இறக்க முதுகு வலிக்காது. ஆனால் விலை உண்டு. ஐந்தடி கட்டை வண்டிச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 210 சுற்று சுற்றும். குட்டி யானையின் சக்கரம் கிட்டத்தட்ட 590 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் டயரின் ஒவ்வொரு பகுதியும் ஒரு தடவை நசுங்கி நிமிர்கிறது. நசுங்கி நிமிர்வதுதான் சூடு.

டயரில் எழுதியிருப்பது

இப்போது அண்ணனின் வண்டிக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை டார்ச் லைட்டோடு இரண்டு பேரும் வண்டிக்குக் கீழே குனிந்து பார்த்தோம். முன் டயரில் 145 ஆர் 12 எல்டி 8 பிஆர் என்று இருந்தது. பின்னால் புதிதாகப் போட்டதில் 145/80 ஆர் 12, அதற்குப் பக்கத்தில் 74. எல்டி இல்லை, பிஆர் இல்லை.

145 என்பது மில்லிமீட்டரில் அகலம். ஆர் என்றால் ரேடியல். 12 என்பது டிஸ்க்கின் விட்டம், அங்குலத்தில். இதுவரைக்கும் இரண்டும் ஒன்றுதான். எல்டி என்றால் லைட் டிரக், சுமை வண்டிக்கானது. 8 பிஆர் என்பது எட்டு அடுக்குக்குச் சமமான வலு. பருத்தி நூல் காலத்தில் உண்மையிலேயே அடுக்குகளை எண்ணினார்கள், இப்போது அது வெறும் வலுக் குறியீடு.

அந்த 74-தான் விஷயம். அது சுமைக் குறியீடு, 375 கிலோ என்று அர்த்தம். இரண்டு டயர் சேர்ந்தால் ஒரு அச்சுக்கு 750 கிலோ. 8 பிஆர் எல்டி டயருக்குப் பொதுவாக 86 என்று இருக்கும், ஒற்றை டயருக்கு 530 கிலோ. இரண்டுக்கும் 1,060. அளவு ஒன்று, அகலம் ஒன்று, பார்வைக்கும் ஒன்று. தாங்கும் பாரத்தில் 310 கிலோ வித்தியாசம். யாரோ ஒரு கடைக்காரர் கார் டயரைச் சுமை வண்டிக்குப் போட்டு அனுப்பிவிட்டார். விலை கம்மி என்பதால் அண்ணனும் சந்தோஷமாகப் போட்டுக்கொண்டார்.

நீச்சல் எங்கிருந்து வருகிறது? டயரின் வேலை இரும்புப் பட்டையின் வேலை மாதிரி இல்லை. வண்டி வளையும்போது டயர் தான் பார்க்கும் திசையிலேயே அப்படியே போகாது. ரப்பர் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு, சில டிகிரி பக்கவாட்டில் நழுவியபடிதான் உருளும். அந்தக் கோணம்தான் பக்கவாட்டுப் பிடிப்பையே உண்டாக்குகிறது. 1920-களிலும் 30-களிலும்தான் பொறியாளர்கள் இதைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள். முன்பக்கத்தை விடப் பின்பக்கம் அதிகமாக நழுவினால் வண்டியின் வால் வெளியே போகப் பார்க்கும். குட்டி யானையில் சுமை பெரும்பாலும் பின்னால். அங்கே மெல்லிய பக்கச்சுவர் உள்ள கார் டயரைப் போட்டால், பாரம் ஏறியதும் சுவர் பக்கவாட்டில் மடங்கும், நழுவும் கோணம் கூடும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்பக்கம் உடனே போகும், பின்பக்கம் யோசித்துவிட்டு வரும். அண்ணன் அதைத்தான் நீச்சல் என்கிறார். பேரிங்கிலும் புஷ்ஷிலும் தேடினால் கிடைக்காது.

“அப்ப காத்தக் கூட வச்சா சரியாயிருமா?” என்றார்.

ஆகாது. ஒரு டயர் தரையில் பதியும் பரப்பு மிகச் சின்னது. 50 பவுண்டு காற்றில் 500 கிலோ நிற்கிறது என்றால் பதிவது ஏறத்தாழ 140 சதுர சென்டிமீட்டர், ஒரு தபால் கார்டை விடக் கொஞ்சம் பெரிசு. காற்று அழுத்தம்தான் சுமையைத் தூக்குகிறது, டயர் வெறும் பை. எல்டி டயரின் பை அந்த அழுத்தத்துக்காகத் தைத்தது. கார் டயருக்கு அதற்கு விதித்த உச்ச அழுத்தம் குறைவு. அதைத் தாண்டி அடித்தால் வெடிக்கும் ஆபத்து. தாண்டாமல் வைத்தால் நசுங்கிச் சூடேறும். மே மாதத்து மதுரை வெயிலில் 40 டிகிரியைத் தொட்ட நாளில் ரிங் ரோட்டுத் தார் எப்படிக் கொதிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சூட்டின் கதைக்கு உலகமறிந்த சாட்சி உண்டு. 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பட்டன் பகுதி பிரிந்து, வண்டி உருண்டு, 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டயரின் குறையோடு, ஃபோர்டு பரிந்துரைத்திருந்த 26 பவுண்டு என்ற குறைந்த காற்றும் பெரிய சர்ச்சையானது.

அகலமும் அலாயும்

எல்டி டயர் போடுவது என்று முடிவானதும் அண்ணனின் பையன் இன்னொரு யோசனை சொன்னான். கல்லூரியில் படிக்கிறவன். “அப்பா, அகலமா போட்டு அலாய் வீல் மாட்டிருவோம், கிரிப்பு கூடும்.”

அகல டயர் காய்ந்த சாலையில் வளைவில் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், உண்மைதான். ஆனால் பார்க்க வேண்டியவை வேறு. டிஸ்க் வெளியே தள்ளி நின்றால் முன்சக்கரம் திரும்பும் அச்சுக்கும் டயரின் நடுவுக்கும் தூரம் கூடும். ஒரு பக்கம் குழியில் விழுந்தால் ஸ்டியரிங் கையை உதறும், பிரேக் அடித்தால் ஒரு பக்கம் இழுக்கும், பேரிங்கில் நெம்புகோல் மாதிரி பாரம் விழும். சக்கரம் பெரிசானால் ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், எஞ்சினுக்கு இழுவை கூடும், அதே பிரேக்குக்கு வேலையும் கூடும். சக்கரம் கனமானால் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது டயர் தரையை விட்டு எழும்பி நிற்கும் நேரம் கூடும்.

மழைத் தண்ணீரில் கதை இன்னும் வேறு. நாசாவில் 1960-களில் விமான டயர்களை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். தண்ணீர் மேல் டயர் மிதக்க ஆரம்பிக்கும் வேகம் காற்று அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அந்தக் கணக்குப்படி 36 பவுண்டில் மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர், 25 பவுண்டில் சுமார் 83. மொட்டை டயருக்கு இது பொருந்தும். பட்டன் ஆழமாக இருந்தால் தண்ணீர் வெளியேற வழி கிடைக்கும். நம்ம மோட்டார் வாகன விதி நாலு சக்கர வண்டிக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் பட்டன் ஆழம் கேட்பது இதற்காகத்தான். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவது சட்டப்படியும் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

முன்பு விட்ட லாரிக்காரர் விதிக்கு இங்கே வருகிறேன். இரண்டு டயர்தான் புதுசு என்றால் எங்கே போடுவது? முன்னால் என்பார்கள் நம்ம ஆட்கள். வெடித்துவிடும் என்று சந்தேகம் உள்ள டயரை முன்னால் போடக்கூடாது, அது சரி. அப்படிப்பட்டதைப் பின்னாலும்தான் போடக்கூடாது. நாலும் நல்ல டயர்தான், இரண்டில் பட்டன் கம்மி என்றால், ஆழமானவை பின்னால் போக வேண்டும். ஈரச் சாலையில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும், பழகிய டிரைவருக்கே கை உதவாது.

ஆட்கள் ஏறும்போது

இதுவரை பேசியது காய்கறிக்கு. எனக்கு உண்மையில் கவலை வேறு. காதுகுத்து, கெடா வெட்டு, துக்க வீடு என்றால் நம்ம பக்கம் குட்டி யானையின் பின்னால் ஆட்கள் ஏறிவிடுகிறார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஏற்றாதவர்களும் குறைவு.

தக்காளிப் பெட்டி தரையோடு கிடக்கும். மனுஷன் நிற்பான். இருபது பேர் நின்றால் வண்டியின் பார மையம் இரண்டடி போல உயரும். சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலத்தில் பாதியை அந்த உயரத்தால் வகுத்தால், வண்டி சாயாமல் எவ்வளவு தாங்கும் என்று தோராயமாகத் தெரியும். 1.3 மீட்டர் அகல வண்டியில் உயரம் 60 சென்டிமீட்டராக இருந்தால் 1.08. அதே 1.2 மீட்டரானால் 0.54. பாதிக்குப் பாதி. வளைவில் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள், அது கணக்கிலேயே வராது. கீழே மெல்லிய டயரும் மடங்கினால்?

அமெரிக்காவில் 15 பேர் உட்காரும் வேன்களைப் பற்றி அங்கத்திய சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2001-ல் ஆராய்ந்தது. பத்துப் பேருக்கு மேல் ஏறிய வேன், தனியாக விபத்தில் சிக்கினால், உருளும் வாய்ப்பு ஆள் குறைவாக உள்ள வேனைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. அவர்களே பிறகு டயர்களைச் சோதித்தபோது அந்த வேன்களில் 74 சதவீதத்தில் காற்று சரியில்லை. கார்களில் அது 39 சதவீதம். சர்ச் வேன், பள்ளி வேன் என்று எப்போதாவது எடுக்கும் வண்டிகள்தான் அங்கேயும் நிறைய. ஓட்டுபவர் ஒருவர், காற்றுப் பார்ப்பவர் ஒருவரும் இல்லை.

இதையெல்லாம் அண்ணனிடம் டீக்கடையில் உட்கார்ந்து சொன்னேன். கணக்கெல்லாம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. டபராவைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் டம்ளரை நிறுத்தி, டபராவை லேசாக இழுத்துக் காட்டினார். “இதானே?” என்றார். இதேதான்.

மறுநாள் பின்னால் இரண்டும் எல்டி டயர் போட்டார். கழற்றிய கார் டயர்களைத் தெரிந்த பழைய வேன்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். “அவன் வண்டியிலயும் ஸ்கூல் புள்ளைங்க ஏறுது தம்பி, குடுக்கல” என்றார். அந்த டயர் இரண்டும் இப்போது அவர் வீட்டு மாடியில் செம்மண் நிரப்பிக் கிடக்கின்றன. ஒன்றில் கறிவேப்பிலை, ஒன்றில் மல்லிகை. 375 கிலோ தாங்கும் டயருக்கு அது சரியான சுமைதான்.

வாசிக்கிறவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த தடவை உங்கள் பிள்ளை போகும் வேன் வாசலில் நிற்கும்போது, குனிந்து பின் டயரில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு பக்கமும், முன்னும் பின்னும். ஒரு நிமிஷம்கூட ஆகாது. முன் டயரில் எல்டி என்று இருந்து பின் டயரில் இல்லை என்றால், டிரைவர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு மரியாதையாகக் கேளுங்கள். அவருக்கும் பெரும்பாலும் தெரிந்திருக்காது.